அண்ணன் சொன்ன நீலக் கழுதை

பூமயிலுக்கு நாற்பத்தெட்டு வயது. திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவுச் சமையலர், நான் அமைப்பாளர். பதினான்கு வருடமாக ஒரே அடுப்படியில் கிடக்கிறோம். அவள் சாம்பாரை நான் குறை சொல்வேன், என் வாயை அவள் குறை சொல்வாள். ஆனால் அவளைப் போல மனுசரை நம்புகிற ஆளை நான் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அடுப்பு மூட்டும்போது அவளுக்குப் பிடித்த பேச்சு ஒன்றுதான். சின்ன வயதில் சனிக்கிழமை காலையில் பார்த்த நீலக் கழுதைப் படம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மெட்ராஸ் டிவி சரியாகத் தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கத்து சிலோன் டிவிதான் பளிச்சென்று விழும். அதற்காகவே ஆண்டெனாவை நீளக் குழாயில் ஏற்றித் தென்கிழக்கே திருப்பிக் கட்டியிருப்பார்கள். மிளகாய் நன்றாக விளைந்த ஒரு வருடம் பூமயிலின் அய்யாவும் ஒரு டிவி வாங்கினார். படம் அழகாக வந்தது. பேச்சுதான் சிங்களம், ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை விளங்காது.

அதற்குத்தான் அவள் அண்ணன் தங்கசாமி இருந்தான். இவளுக்கு நாலு வயது மூத்தவன். ஒரு கோடை லீவில் தங்கச்சிமடத்து அத்தை வீட்டில் இருந்துவிட்டு வந்தவன், அங்கே சிலோன்காரர்களிடம் சிங்களம் கற்றுக்கொண்டதாகச் சொன்னான். டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கழுதைகள் வாயசைக்க வாயசைக்க இவன் தமிழில் சொல்வான். பெரிய கழுதை அண்ணனாம், சின்னது தங்கச்சியாம். தெருப்பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். கதையில் தங்கச்சிக் கழுதை அண்ணன் பேச்சை மீறுகிற வாரமெல்லாம் பள்ளத்தில் விழும். பூமயில் உள்ளங்கை வேர்க்க உட்கார்ந்திருப்பாள்.

அவள் ஐந்தாம் வகுப்பு முடித்தபோது டீச்சரே படிவம் நிரப்பி, ராமநாதபுரத்தில் விடுதியோடு ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரில் அப்போது அதற்கு மேல் வகுப்பு கிடையாது; தங்கசாமி சைக்கிளில் திருப்புல்லாணிக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தான். அய்யா தகரப்பெட்டி வாங்கி அதில் அவள் பெயரை எழுத வைத்தார். புறப்பட இரண்டு நாள் இருந்த சனிக்கிழமையில் கழுதைப் படத்தின் கடைசிப் பகுதி வந்தது. சின்னக் கழுதை தன்னந்தனியாகக் கப்பலில் ஏறியது. பெரியது கரையில் நின்று அழுதது. காற்று மாறியதோ என்னவோ, அத்தோடு படம் புள்ளி புள்ளியாகப் போய்விட்டது. அப்புறம் என்ன ஆனது என்று இவள் கேட்க, கப்பல் நடுக்கடலில் கவிழ்ந்துவிட்டது என்றான் தங்கசாமி. தனியாகப் போகாதே என்று பெரியது எவ்வளவோ சொல்லியும் சின்னது கேட்கவில்லையாம்.

மூன்று நாள் பூமயிலின் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. பெட்டியைத் தூக்கினாலே அலறினாள். அய்யா கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், கடைசியில் விட்டுவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து வீட்டு ஆடுகளைப் பகல் முழுக்க அவள்தான் மேய்த்தாள்.

இதையெல்லாம் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். தானொரு பயந்தாங்கொள்ளி என்பாள், கிடைத்த இடத்தைத் தானே கெடுத்துக்கொண்டதாகச் சொல்வாள். அண்ணன் கதை சொன்ன அழகை மட்டும் நூறு தடவை புகழ்வாள். எந்த நல்ல நாளிலும் முதல் பலகாரம் அவன் வீட்டுக்குத்தான் போகும்.

போன மாதம், திருப்பூரில் வேலை பார்க்கும் அவள் மகள் கவிப்ரியா அந்தப் படத்தை யூடியூபில் தேடிப் பிடித்துச் செல்போனுக்கு அனுப்பிவிட்டாள். யாரோ ஒரு புண்ணியவான் கீழே தமிழ் எழுத்தோடு ஏற்றி வைத்திருந்தார். பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபின் இருவரும் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து கடைசிப் பகுதியைப் பார்த்தோம். தொடக்க இசைக்கே அவளுக்குக் கண் கலங்கியது. பிறகு எழுத்துக்கூட்டி வாசித்தவளின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

பெரிய கழுதை அண்ணனே இல்லை, அது சின்னதின் அம்மா. பயப்படாமல் போ, திரும்பிப் பார்க்காதே என்று அதுதான் சின்னதைக் கப்பலில் ஏற்றிவிடுகிறது. கப்பல் கவிழவும் இல்லை. சின்னக் கழுதை அக்கரையில் இறங்கிப் புல்வெளியில் துள்ளி ஓடுகிறது. அந்த இடத்தை அவள் மூன்று தடவை ஓடவிட்டாள். பிறகு பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

தங்கசாமி களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தான். செல்போனை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சிங்களத்தில் தனக்கு இரண்டு கெட்ட வார்த்தையைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்றான், ஏதோ பெரிய சாமர்த்தியம் போல.

"நீ ராம்நாட்டுக்குப் போயிட்டா ஆட்டை யாரு பத்துறது? அய்யா என்னையத்தான படிப்ப நிறுத்திப் பத்தச் சொல்லுவாரு. அதான் கப்பலக் கவுத்து விட்டேன்" என்றான். "ஒரு கழுதைப் படத்துக்கா இம்புட்டு வெரசா வந்த?"

எனக்குக் கை பரபரத்தது. பூமயில் கத்தவில்லை. செல்போனை அவன் கையிலிருந்து வாங்கி முந்தானையில் துடைத்தாள்.

"போகாதன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே நின்னிருப்பேன்ணே. நீ சொல்லி நான் எதத் தட்டியிருக்கேன்?"

அவன் சிரிப்பு நின்றது. பழைய கதை, சின்னப்புள்ள விளையாட்டு என்று என்னவோ முனகினான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அய்யா சாகக் கிடக்கையில, உங்க ஆசையில மண்ணப் போட்டுட்டேன்யா, நாந்தான் பயந்துட்டேன்னு அவரு காலப் பிடிச்சு அழுதேன். அப்ப நீ பக்கத்துலதான்ணே நின்ன."