ஏழாவது வியாழக்கிழமை

துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும்போது சங்கிலி அறுந்து இக்னேஷியஸின் இடுப்பில் அடித்தது. வலிக்கென்று தோஸ்து ஒருவன் கொடுத்த அபின், வலி போன பிறகும் அவனை விடவில்லை. வேலை போயிற்று. மனைவி சிலுவையம்மாள் ஆறு வயது மகள் டோரதியோடு எண்ணூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

1973இல் ராயபுரத்து இலவச மருந்தகம் ஒன்றில், அபினை விட வருகிறவர்களுக்கு நர்ஸ் ஃப்ளோரன்ஸ் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். வியாழன்தோறும் சிறுநீர் கொடுக்க வேண்டும். அதில் அபின் இல்லையென்று தெரிந்தால் சனிக்கிழமை ஒரு பால்பவுடர் டப்பா.

"டப்பா வாணாம் சிஸ்டர். என் பொண்ண காட்டு," என்றான் இக்னேஷியஸ்.

ஃப்ளோரன்ஸ் எண்ணூருக்கே போய்ப் பேசினாள். சிலுவையம்மாள் சொன்னாள்: "சுத்தமா இருந்தா ஞாயித்துக்கெயம பொண்ண இட்டாரேன். கோலார்ல கீற அண்ணன் கூப்டுகினே கீறாரு. ஒரு வாட்டி தப்புனாலும் போயிடுவேன்."

முதல் வாரம் உடம்பை முறுக்கிப் பிழிந்தது. பாயைக் கடித்துக்கொண்டு கிடந்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். ஆறாவது ஞாயிறு அவன் மடியிலேயே தூங்கிவிட்டாள். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தும் இரண்டு மணி நேரம் அவன் அசையவில்லை.

ஏழாவது வாரம் சோதனையில் அபின் இருப்பதாக வந்தது.

"மாதா மேல ஆணை சிஸ்டர், நான் தொடல. இருமலுக்கு மருந்துதான் குட்சேன்."

எல்லோரும் சொல்வதுதான். ஃப்ளோரன்ஸ் நம்பவில்லை. எண்ணூருக்குச் சொல்லியனுப்பினாள்; ஞாயிற்றுக்கிழமை மகள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவன் எண்ணூருக்கு ஓடினான். மாமியார் வாசலில் நின்றபடியே, "நேத்தே ரயிலு ஏறிட்டாங்க," என்றாள்.

இரண்டு வாரம் கழித்து மருந்தகத்து டாக்டர் அந்த இருமல் மருந்து பாட்டிலை வாங்கிப் பார்த்தார். அதில் அபினிலிருந்து எடுத்த சரக்கு கலந்திருந்தது.

"தப்பு என்னோடது, இக்னேஷியஸ்," என்றாள் ஃப்ளோரன்ஸ். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் துன்னலன்னு அவளுக்கு எயுதிப் போடு சிஸ்டர்."

ஃப்ளோரன்ஸ் கோலாருக்கு மூன்று கடிதம் போட்டாள். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவது, அந்த விலாசத்தில் ஆள் இல்லையென்று திரும்பி வந்தது.

அதற்குப் பிறகும் அவன் வியாழன் தவறாமல் வந்தான். ஒவ்வொரு முறையும் சுத்தம். சனிக்கிழமை முடிவைத் தெரிந்துகொண்டு, டப்பா எதுவும் கேட்காமல் போய்விடுவான். கிறிஸ்துமஸ் கழிந்த முதல் வியாழன் அவனைக் காணவில்லை. ஃப்ளோரன்ஸ் அவன் வீட்டுக்குப் போனாள். சுவரில் சாய்ந்திருந்தான். அபின் தின்றவர்களுக்கு ஆவதுபோல் கண்மணிகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன.

"இன்னிக்கு டெஸ்ட்டு பாட்டில் வாணாம் சிஸ்டர்," என்றான் மெதுவாக. "கஷ்டப்பட்டு வந்துகீற. ஒக்காரு."

ஃப்ளோரன்ஸ் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.