சுகுணாவுக்கு நான் போட்ட ஆப்சென்ட்

டீச்சர் வேலைக்கு முதுகுலயும் ரெண்டு கண்ணு வேணும். கொரோனா வந்தப்ப இருந்த ரெண்டையும் செல்போனுக்குள்ள அடைச்சுட்டாங்க. கூடவே அவஸ்தைப்பட்ட டீச்சர்மாரே, உங்களுக்கு நான் சொல்லணுமா?

வேங்கிக்கால் மாணவன்

திருவண்ணாமலையில ஒரு தனியார் பள்ளியில எட்டாம் வகுப்புக்கு நான் கணக்கு டீச்சர். சமையல்கட்டுல அரிசி டின் மேல போனைச் சாய்ச்சு வச்சுப் பாடம் நடத்துறேன், பக்கத்துல குக்கர் விசில் அடிக்குது. வேங்கிக்கால்ல இருந்து ஒருத்தன் ஏசி ரூம்ல லேப்டாப் முன்னாடி உக்காந்துக்கிட்டுச் சொன்னான்: "மிஸ், உங்க நெட் ஸ்பீடு ரொம்ப கம்மி. உங்க அப்பாகிட்ட சொல்லி நல்லதா போடச் சொல்லுங்க."

பதில் சொல்லாத சுகுணா

அதே வகுப்புல சுகுணா. வகுப்போட வாட்ஸ்அப் குரூப்ல லிங்க் போட்டதும் முதல்ல உள்ள வர்றது அவ நம்பர்தான். பேர் கூப்பிட்டா மட்டும் பதிலே வராது, கேமராவும் ஆஃப். ஆன் பண்ணிட்டுத் தூங்குறா கழுதைன்னு தினமும் ஆப்சென்ட் போட்டேன்.

பத்து நாள் பதில் இல்லைன்னா குரூப்ல இருந்து தூக்கிடணும்னு எச்.எம். உத்தரவு. எனக்கு மனசு வரல. பக்கத்து செக்‌ஷன் டீச்சர்தான் ஏத்தி விட்டாங்க: "தூக்குங்க டீச்சர். பதறிட்டு போன் பண்ணுவாங்க பாருங்க."

செங்கம் ரோடு வாட்ச்மேன்

தூக்கினேன். போனே வரல. நானும் மறந்துட்டேன், அதான் கொடுமை.

ஒரு மாசம் கழிச்சு செங்கம் ரோட்டுல ஆட்டோக்காரர்கிட்ட பேசிட்டிருந்தேன். மாஸ்க் போட்டிருந்தும் என் குரலை வச்சே கண்டுபிடிச்சு, கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் ஒருத்தர் ஓடி வந்தார். சுகுணாவோட அப்பா. வீட்டுக்கு ஒரே போன், ஓனர் கூப்பிட்டா எடுக்கணும்னு டூட்டியில இவர்கிட்டதான் இருக்கும். அதனால கேட்டுலயே உக்காந்து என் பாடத்தை இவர் நோட்டுல எழுதி, சாயங்காலம் பொண்ணுகிட்ட குடுப்பாராம். "பேர் கூப்பிட்டா பதில் சொல்லக்கூடாதா?"ன்னேன். ஆம்பளை குரல் கேட்டா பொண்ணு பேரை வெட்டிடுவாங்கன்னு பயமாம்.

நோட்டை எடுத்துக் காட்டினார். கோணல் கோணலா அத்தனை கணக்கும் இருந்துச்சு. அப்புறம் ஒரு மாசத்துக்குத் தேதி மட்டும், ஒவ்வொரு தேதிக்குக் கீழயும் "இன்னிக்கி மிஸ் வரல". நான் குரூப்ல இருந்து தூக்கினதே அந்த மனுஷனுக்குத் தெரியல. அடிப்பாவி, என்னடி பண்ணித் தொலைச்சேன்னு நிக்கிறேன், அவர் கேக்குறார்: "உடம்பு இப்ப தேவலைங்களா மிஸ்? உங்களுக்குக் கொரோனான்னு நெனச்சு, பொண்ணு தினமும் மலையைப் பார்த்து வேண்டிக்குது."

வீட்டுக்கு வந்து அந்த ஆப்சென்ட்டை எல்லாம் என் பேருக்கு மாத்தலாம்னு ரெஜிஸ்டரைத் தொறந்தா, டீச்சர் பேருக்கு அதுல ஒரு கட்டம்கூட இல்லீங்க.