கேனில் வந்த ஐந்தருவி

எண்பதுகளில் சுரண்டைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் நான் கிளார்க். கழிவுநீரைச் சோதிக்க அதிகாரி வருகிறார் என்றதும் முதலாளி என்னை ஐந்தருவிக்கு அனுப்பினார். அருவித் தண்ணீரைப் பிடித்து வந்து, அதுதான் எங்கள் கழிவுநீர் என்று கொடுக்க வேண்டுமாம். வெட்கமில்லாமல் போனேன்.

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் என் கேனைப் பார்த்தாள்.

"அருவித் தண்ணியா அண்ணாச்சி? பிள்ளைக்குத் தண்ணி தவிக்குது, ஒரு வாய் ஊத்துங்க. பட்டறைச் சாயம் இறங்கி எங்க கிணத்துத் தண்ணிய வாயில வைக்க முடியல."

"இது கம்பெனித் தண்ணிம்மா" என்று மூடியை இறுக்கினேன்.

அதிகாரியும் அதையே பாட்டிலில் வாங்கிப் போனார். கழிவுநீர் சுத்தம் என்று சான்றிதழ் வந்தது. முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அதற்கு மாலை வேறு. அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

ஆனால் அந்த மூடியை இறுக்கியது அவர் கை இல்லை.