அக்காவுக்கு யாருமில்லை என்று எழுதினேன்

கனடாவில் விடுப்புக் கேட்க யாரும் அழுவதில்லை. ஏழு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. வந்த புதிதில் அரைநாள் விடுப்புக்காகத் தலைவலி, காய்ச்சல், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு பக்கத்துக்கு எழுதி மேலாளருக்கு அனுப்பினேன். மனிதர் பதறிப்போய் என்னைத் தனியறைக்கு அழைத்து, வீட்டில் பாதுகாப்பாகத்தான் இருக்கிறாயா என்று கேட்டு, மனநல ஆலோசகரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அரைநாள் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதுமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளை நிறுத்துவதற்குள் குவார்ட்டர்ஸ் வாசலில் இரண்டு பேராவது மனு எழுதக் காத்திருப்பார்கள். இடமாற்றமோ ஒழுகும் கூரையோ, எதுவானாலும் அப்பாவின் மனுவில் முதலில் வருவது மனுதாரரின் கதியற்ற நிலைதான். கல்லுக்குண்டு போல இருப்பவர் இரண்டாவது வரியில் நோயாளியாகிவிடுவார். ஐந்து அண்ணன் தம்பிகள் உள்ளவர் மூன்றாவது வரியில் அநாதையாகிவிடுவார். அப்பா சொல்லச் சொல்ல நான் பிரதி எடுப்பேன். பெரும்பாலும் காரியம் நடந்துவிடும். விண்ணப்பம் என்றாலே இரக்கம் வரவழைப்பது என்று எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

போன வருடம் எனக்கு மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்தின்போது அவளுக்கு ஞானத்தாயாக நிற்க வேண்டியவள் ஜெசிந்தா அக்காதான். அப்பா, அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்து விமானம் ஏற்றியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பத்து மூன்று வயது. காட்டூரில் சொந்த வீடு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். அவளுக்கு விசிட்டர் விசா கேட்டு விண்ணப்பித்தோம். அழைப்புக் கடிதத்தை அப்பாவின் பாணியிலேயே எழுதினேன். பெற்றோர் இல்லை, கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, அங்கே தனிமரம், என்னைத் தவிர அவளுக்கு உலகத்தில் யாருமில்லை. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

விசா மறுக்கப்பட்டது. தங்கும் காலம் முடிந்ததும் திரும்பிச் செல்வார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லையாம். “என்னடி இது, என்னைய ஓடி ஒளியிறவன்னு நெனச்சிட்டாங்களா?” என்றாள் அக்கா. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த நாட்டுக்கு மாணவியாக வர விண்ணப்பித்தபோது, படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்புவேன் என்று நானும்தான் எழுதிக் கொடுத்தேன். என்னை நம்பினார்கள். நான் திரும்பவில்லை. சொன்ன சொல் தவறாத அக்காவை நம்பமாட்டார்களாம்.

இங்கே நாங்கள் போகும் மாதா கோவில் அலுவலகத்துப் பெண்மணி, ஞானத்தாய் வர முடியாவிட்டால் அவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்கலாம் என்றாள். முடியாது என்றேன். எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்து, அதையே நிறுத்தி நிறுத்தி இன்னொரு முறை சொன்னாள். நானும் நிறுத்தி நிறுத்தி முடியாது என்றேன்.

திட்டித் தீர்த்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. விசா மறுக்கப்பட்டவர்கள் அதே தாள்களை அவசரமாகத் திரும்ப அனுப்பாதீர்கள். அதிகாரி எழுதிவைத்த குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். நான் வாங்கினேன். அதில் இருந்தது என்னுடைய வாக்கியமேதான்: அழைப்பவரைத் தவிர விண்ணப்பதாரருக்கு யாருமில்லை. யாருமில்லாத ஊருக்கு ஒருத்தி ஏன் திரும்பப் போகிறாள்? அதிகாரி சரியாகத்தான் படித்திருக்கிறார். போனில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“இத நீயா எழுதுன?”

“விசாவுக்காகத்தான்க்கா...”

“எனக்கு யாருமில்லைன்னா எழுதுன?” போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து வைதேகி மேடம் அழைத்தார். அக்கா முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். “ஏன்டி ஸ்டெல்லா, உங்கக்காவுக்கு யாருமில்லைன்னா நான் யாராம்? எனக்கு ஆபரேஷன் ஆனப்போ பத்து நாள் ஆஸ்பத்திரியில அவதான் கூட இருந்தா. ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சுண்டு நேரா எங்காத்துக்குத்தான் சாப்பிட வரா. பெருமாள் எனக்குக் கொடுத்த கூடப்பிறந்தவடி அவ. உனக்கு ஒண்ணுமே தெரியலையேடி” என்றார். எனக்குக் கூசிப்போயிற்று. ஏழு வருடமாக அக்காவை ஒரு காலி வீட்டில் உட்காரவைத்தே நினைத்திருக்கிறேன். விட்டுவந்த குற்ற உணர்ச்சிக்கு அந்தக் காலி வீடு வசதியாக இருந்தது.

அடுத்த கடிதத்தை அக்கா சொல்ல, நான் எழுதினேன். அங்கே கே.கே. நகரில் அக்கா போய்ப் பார்த்த விசா ஏஜென்ட், முதல் மறுப்பைச் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றாராம். “பொய் சொல்லிட்டு வந்து ஞானஸ்நானத்துல நிக்கச் சொல்றீங்களா?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாளாம். மறுப்பை முதல் பத்தியிலேயே எழுதினோம். “இருபத்திரண்டு புள்ளைங்க பரீட்சைக்கு நிக்குது, எழுது. கோவில் பாடகர் குழுவுல நான் இல்லைன்னா ஆல்டோ குரலுக்கு ஆள் கெடையாது, எழுது. பக்கத்து வீட்டுக்காரன் ரெண்டடி நம்ம எடத்துல தள்ளிச் சுவர் கட்டிட்டான், கேஸ் நடக்குது. அத விட்டுட்டு உன் வீட்டுல வந்து உக்காந்துக்குவேனா? அதையும் எழுது!” எழுதினேன். வழக்குத் தாள்களையும் பங்குத்தந்தையின் கடிதத்தையும் வைதேகி மேடத்தின் மூன்று பக்கக் கடிதத்தையும் இணைத்தோம். கெஞ்சும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். எங்களுக்கு விசா வந்தது.

அக்கா வந்தாள். மகளை ஏந்திக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றாள். ஐந்தாவது வாரம் பெட்டி கட்டத் தொடங்கினாள். ஆறு மாதம் தங்க அனுமதி இருக்கிறதே, இருந்துவிட்டுப் போயேன் என்று அழுதேன். “எனக்கு அங்க ஆளுங்க இருக்காங்கடி” என்றாள். எனக்கு அது வலித்தது. அவள் திரும்பிப் போவாள் என்று நிரூபிக்க அத்தனை பாடுபட்டவள் நான்தானே.

போன வாரம் மகளைச் சேர்க்கப் போன பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு அழைக்கப் பெற்றோரைத் தவிர இன்னொருவர் பெயர் வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாடியில் இருப்பவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கடைசியில் ஜெசிந்தா அக்காவின் பெயரையும் காட்டூர் முகவரியையும் எழுதினேன். வாங்கிப் பார்த்த பெண், ஒரு மணி நேரத்துக்குள் வரக்கூடியவராக இருக்க வேண்டும் என்று அன்பாகச் சொல்லிப் படிவத்தைத் திருப்பி நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை. “இவர்தான்” என்றேன்.