அரை மணி நேரத்தில் முடிந்த வழக்கு

தெற்கு லண்டனில் வாண்டில் ஆற்றை ஒட்டியிருந்த அந்தச் சின்ன ஸ்டூடியோவில் பதினைந்து நாளுக்கு ஒரு கொலைகாரன் பிடிபடுவான். பெரிய படத்துக்கு முன்னால் தியேட்டர்களில் ஓட்டுகிற அரை மணி நேரத் துப்பறியும் படங்கள் அங்கேதான் தயாராயின. மழைக்கோட்டும் தொப்பியுமாக இன்ஸ்பெக்டர் வருவார், சிகரெட் சாம்பலை முகர்ந்து பார்ப்பார், கடைசி நிமிஷத்தில் ஒருத்தன் கையில் விலங்கு விழும். எல்லோருக்கும் டீ வண்டி தள்ளுகிறவள் வின்னி ஸ்டாக்டேல். இன்ஸ்பெக்டருக்கு இரண்டு சர்க்கரை, பிணத்துக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது வரை அவளுக்கு மனப்பாடம்.

அவள் மகளைக் கொன்றவன் மட்டும் பிடிபடவில்லை. பத்தொன்பது வயது பெரில், 1953 நவம்பரில் ஒரு சாயங்காலம் சலவைக்கூட வேலை முடிந்து பஸ் ஏறினாள். மறுநாள் ஆற்றங்கரையில் பச்சைக் கோட்டோடு கிடந்தாள். நிஜ இன்ஸ்பெக்டர் முதல் வருஷம் வாரம் தவறாமல் வந்தார். இரண்டாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்தார். அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அன்றைக்குப் பெரிலோடு எவனையோ பார்த்த ஒருத்தராவது இருந்தே தீரவேண்டும் என்று வின்னி நம்பினாள். ஆனால் அவள் தெருக்காரர்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன் என்றாலே வேப்பங்காய். பார்த்தவன் வாயைத் திறப்பானா?

பெரிலின் கதை படமாக வந்தால் திறப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு மாதம் தயங்கிவிட்டு, கதை எழுதிப் படமும் எடுக்கிற ஹாலம் என்பவரிடம் சொன்னாள். துப்புத் துலங்கிய வழக்கைத்தான் எடுப்பது என்பது கம்பெனிச் சட்டம் என்று அவர் கைவிரித்தார். ஆனால் மனிதருக்குக் கதைப் பஞ்சம். வசந்தம் பிறந்ததும் தானாகவே வந்து, எடுக்கலாம் என்றார். வின்னி அங்கேயே அழுதுவிட்டாள். பெரிலின் போட்டோ, பச்சைக் கோட்டு, அவள் தலைத்துணி கட்டுகிற விதம், எல்லாவற்றையும் கொடுத்தாள். முடிவு என்ன என்று கேட்டதற்கு, அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பாவம், நம்பினாள்.

கடைசி நாள் டீ கொண்டுபோனபோது, சிவப்பு மீசை வைத்த நடிகருக்கு இடது கன்னத்தில் பசை தடவித் தழும்பு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் விலங்கு மாட்டுவதுதான் கடைசிக் காட்சி.

“யார் சார் இது?” என்று ஹாலமிடம் கேட்டாள் வின்னி.

“கொலைகாரன். அவன் இல்லாம படத்தை எப்படி முடிக்கிறது, வின்னி? அதான் பேரை எல்லாம் மாத்திட்டேனே.”

பேரை மாற்றினாராம்! ஆற்றையும் பச்சைக் கோட்டையும் மாற்றவில்லையே, பாவி மனுஷன். அந்தக் காட்சி வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். அவர் அவள் தோளைத் தட்டிவிட்டு டீ கேட்டார். வேறொருத்தியாக இருந்தால் கெட்டிலை அவர் தலையில் கவிழ்த்திருப்பாள். இவள் ஊற்றிக் கொடுத்தாள். தழும்பு பிய்ந்துவிடாமல் அந்த நடிகர் வாயோரமாக உறிஞ்சிக் குடித்தார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான் அப்புறம். படம் வந்த வாரம் கறிக்கடை வரிசையில் ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்து, ஒரு வழியாகப் படுபாவி மாட்டினானே என்று ஆறுதல் சொன்னார்கள். அது வெறும் படம் என்றாள். உண்மை வழக்கு என்று முதலிலேயே எழுத்துப் போட்டார்களே, போலீஸ் படத்தில் பொய் சொல்வார்களா என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரெஜ் டாலி பூக்கொத்தோடு வந்தான். தெருக்கோடி வீட்டுக்காரன், பஸ் கண்டக்டர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

“மூணு வருஷமா மனசுல கெடந்து உறுத்துது, வின்னி. அன்னிக்கு பெரில் ஏறினது என் பஸ்லதான். ஒருத்தன் அவகூட பேசிட்டே வந்தான், கூடவே இறங்கினான். ஸ்டேஷன்ல சொல்லணும்னு நெனச்சேன். என் பொண்டாட்டிதான் நமக்கெதுக்கு வம்புன்னா. இப்ப பிடிச்சிட்டாங்க, இனிமே சொன்னா என்னன்னு வந்துட்டேன்.”

வின்னி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். இந்த ஒருத்தனுக்காகத்தானே இத்தனையும்.

“ஆள் எப்படி இருந்தான், ரெஜ்?”

“சிவப்பு மீசை. இடது கன்னத்துல தழும்பு.”

“அது நடிகன்ப்பா. தழும்பை ஒட்டினதை என் கண்ணால பாத்தேன். நீ பஸ்ல பாத்தவனச் சொல்லு.”

ரெஜ் கண்ணை மூடினான். டீ ஆறி ஆடை படிந்தது. உயரமா குள்ளமா, கிழவனா வாலிபனா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“படம் பாக்கறவரைக்கும் அவன் மூஞ்சி அப்படியே இருந்துச்சு, வின்னி. சத்தியமா இருந்துச்சு. இப்ப கண்ண மூடினா இவன்தான் வரான்.”

வின்னி அவன் கையை விட்டாள்.