மெழுகு ஏற்றிய கூரை

என் பழைய காருக்குக் கித்தான் கூரை. வெயிலில் மடக்கிவிட்டால் துரை மாதிரிப் போகலாம். மழையில் விரித்தால் சல்லடைக்கு அடியில் உட்கார்ந்த கதைதான். எங்கள் ஊர் ரெம்பியாவுக்கும் மலாக்காவுக்கும் இடையே வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் பயணிகள் குடையோடு ஏறுவார்கள். எனக்கு அது பழகிப்போயிருந்தது.

என் மனைவி மலாக்கா ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பெற்றபோதுதான் வினை வந்தது. மாமியார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். அவர் வாயைத் திறந்தால் தோட்டத்து லய வீடுகளெல்லாம் அடங்கும். என் வீட்டு வாசலில் நின்று காரை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பச்ச ஒடம்புக்காரி தலையில ஒரு சொட்டு மழ விழக்கூடாது, மாப்ளே. இந்தக் கூர ஒழுகுச்சின்னா ரெண்டு பேரையும் மலாக்காவுல எந் தங்கச்சி வீட்லயே விட்டுருவேன். மழ ஓஞ்சப்பறம் வந்து கூட்டிக்குங்க."

மழைக்காலமோ அப்போதுதான் தொடங்கியிருந்தது. பிள்ளையை நான் இன்னும் கையில்கூட வாங்கவில்லை.

ரப்பர் தோட்டத்தில் இருக்கிறவனுக்கு எந்த ஓட்டைக்கும் ஒரே மருந்துதான் தோன்றும். பால்கொட்டகை மேஸ்திரி ஒரு வாளி ரப்பர் பால் கொடுத்தார். இருவருமாகக் கூரை முழுக்கப் பூசினோம். காய்ந்ததும் பளபளவென்று இருந்தது. பெருமையாக மடக்கி வைத்தேன். மறுநாள் வெயிலில் அது இளகி, மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பிரித்துப் பார்த்தால் ஈ, இலை, புழுதி எல்லாம் அதில் குடியேறியிருந்தன. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்டது.

மாமியார் வந்து பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், மரங்களில் பால் வடியக் கட்டிய கோப்பைகளில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உருண்டையாகத் திரட்டி வந்தார். அதைக் கூரைமேல் அழுத்தி உருட்டினார். நாங்கள் பூசியதெல்லாம் சுருண்டு சுருண்டு உருண்டையோடு வந்தது.

"முள்ள முள்ளாலதான் எடுக்கணும். பாத்துக்கிட்டே நிக்காதீங்க மாப்ளே, தண்ணி கொண்டாங்க."

பிறகு சவுக்காரத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டார். வெயிலில் சூடேறிய கித்தானில் சீனர் கடை மெழுகுவத்திகளைத் தேய்த்தார். மேலே பழைய துணியைப் போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியை மெல்ல ஓட்டினார். மெழுகு உருகி இழைக்குள் இறங்கியது. தையல் ஓரங்களில் மறுபடியும் தேய்த்தார். விடியற்காலையில் எழுந்து அத்தனை மரம் வெட்டிவிட்டு வந்த கை அது. அசந்துபோனேன். மாமியாரை மெச்சுகிற மருமகன் என்று யார் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை.

கடைசியில் ஒரு குடம் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றினார். முத்து முத்தாக உருண்டோடியது.

"போலாம்," என்றார்.

மலாக்காவிலிருந்து தாயையும் பிள்ளையையும் பின் இருக்கையில் மாமியாரோடு ஏற்றிக்கொண்டு திரும்பினோம். டுரியான் துங்கால் ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கூரையிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் காற்று மழையைப் பக்கவாட்டில் கொண்டுவந்தது. பின் இருக்கையின் பக்கவாட்டில் கட்டியிருந்த கித்தான் திரை பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டது. முன்னால் எனக்கு வழியே தெரியவில்லை, நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க ஓட்டுங்க லா," என்றார் மாமியார்.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மனைவியும் பிள்ளையும் கொஞ்சமும் நனையவில்லை. மாமியார் திறந்த பக்கத்தை முதுகால் அடைத்து, இரண்டு கைகளாலும் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கூந்தலிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"கூர ஒழுகல, மாப்ளே," என்றார். "கையத் தொடச்சிக்கிட்டுப் புள்ளய வாங்குங்க."