கல்மேட்டை அளக்க வந்தவர்

குன்னம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை விரிவாக்க, எங்கள் கல்மேட்டை அளக்க ஓர் அதிகாரி வந்தார். மழுமழுவென்று சவரம் செய்த முகம். மண்ணை அளக்க வந்தவர், நாலடிக்கு ஒருமுறை ஷூவைத் துடைத்தார்.

கூலி உயர்வு கேட்டுக் கல்லுடைப்பவர்கள் அந்தக் காலத்தில் உட்கார்ந்து போராடிய இடம் அது. அவர்கள் நினைவாக ஒவ்வொரு மே தினத்தன்றும் வீட்டுக்கு ஒரு கல் அங்கே வைக்கிறோம்.

“இது வேஸ்ட் கல்லுதானேம்மா? வெடி வச்சு எடுத்துடலாம்.”

“வேஸ்ட் இல்லைங்க சார், நாங்க வச்சது” என்றேன், இடுப்பில் குழந்தையோடு.

“ஒரு கல்லுலயும் பேரு இல்லையே?”

“நீங்க ஷூக்காலை வச்சிருக்கீங்களே, அந்தக் கல்லு எங்க மாமியார் வச்சதுங்க.”

காலை எடுத்தார், அடுத்த கல்லில் வைத்துத் துடைத்தார். பிறகு ‘கழிவுக்கல்’ என்றே எழுதினார்.

அவ்வளவு படித்தவருக்கு விளங்கவில்லையா, நான்தான் சரியாகச் சொல்லவில்லையா என்று இன்னும் யோசிக்கிறேன்.